சிறு சபையின் ஆராதனையில் இயந்திரத் தாளம்

ஆலயத்தில் பாட்டுக்குத் துணையாக எந்த வாத்தியம் வரலாம், எது வரலாகாது என்னும் விவாதம் கிறிஸ்தவத் திருச்சபையின் சரித்திரத்தில் எந்த நூற்றாண்டிலும் அடியோடு ஓய்ந்திருந்ததில்லை. கால்வின் காலத்து ஜெனீவாவில் சபையார் வாத்தியம் எதுவுமின்றிச் சங்கீதங்களை ஒரே குரலாகப் பாடினர். கீழைத் தேசத்து ஆர்த்தடாக்ஸ் சபைகளிற் பல இன்றளவும் மனிதக் குரல் ஒன்றையே வழிபாட்டுக்குரிய இசையாகக் கொண்டிருக்கின்றன. லூத்தரின் வழிவந்த சபைகளோ ஆர்கனைத் தங்கள் ஞானப்பாட்டுகளுக்கு இணைபிரியாத துணையாக்கிக்கொண்டன. தமிழ்நாட்டிலும் மேனாட்டு மெட்டில் அமைந்த பாமாலையா, நம் ராக தாளங்களில் அமைந்த கீர்த்தனையா என்றும், ஆர்கனா, ஆர்மோனியமா, தபேலாவா என்றும் சபைதோறும் தர்க்கம் நடந்த காலங்கள் உண்டு. அவ்விவாதத்தின் இன்றைய ரூபம் இது: வாசிப்பதற்கு ஆளில்லாத சிறு சபையொன்று, முன்னமே ஒலிப்பதிவு செய்த தாளத்தையும் இசையையும் ஒலிபெருக்கியில் விட்டு அதனோடு பாடலாமா? பாடுவது தகுமாயின், எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையோடு?

பெருநகரங்களின் பெரிய சபைகளுக்கு இது பெரும் பிரச்சினையன்று. அங்கே டிரம்ஸ், கிதார், பேஸ், இரண்டு கீபோர்டு, அரைடஜன் பாடகர், ஒலியை ஆள்வதற்கென்றே ஒருவர் என்று குறைவற்ற ஏற்பாடு இருத்தலால், பதிவிசை அவர்களுக்கு அலங்காரமாகவே அமைகிறது. ஐம்பது, அறுபது பேர் கூடும் கிராமத்துச் சபையிலும், வாடகைக் கட்டடத்தின் மாடியில் நடைபெறும் நகர்ப்புறச் சபையிலும், கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவன் வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் சென்றுவிட்டால் இசையே நின்றுபோகும் நிலை இருத்தலின், இக்கேள்வி அங்கேதான் உயிருள்ள கேள்வியாகிறது. ஆதலின் சிறு சபையையே மனத்திற் கொண்டு, கருவிகளின் வகை, இவ்விஷயத்தின் பூர்வ சரித்திரம், இருபக்க வாதங்கள், திருச்சபைத் தலைவர்களின் தீர்ப்பு, தேசத்தின் சட்டம் ஆகியவற்றை முறையே ஆராய்வது இக்கட்டுரையின் உத்தேசம்.

நால்வகைத் துணை

இயந்திரத் துணை என்று பொதுப்படப் பேசுவோர் நான்கு வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். முதலாவது, கிளிக். இது தாளத்தின் தட்டை மட்டும் இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஓசை; வாசிப்பவர்களின் காதிலுள்ள இயர்போனில் மட்டும் கேட்கும்; சபையார் அதைக் கேட்பதில்லை. இரண்டாவது, லூப். நான்கு அல்லது எட்டுத் தட்டுகள் கொண்ட சிறியதொரு தாளத்துண்டு, நிறுத்தும் வரையில் திரும்பத் திரும்பச் சுழன்றுவருவது. மூன்றாவது, ட்ராக். ஒரு பாட்டின் முகப்பிசை முதல் முடிவு வரைக்கும் எல்லா வாத்தியங்களையும் பதிந்துவைத்து, பாடுவோர் குரலை மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி அமைந்தது. நான்காவது, பேட். ஒரு ஸ்கேலின் ஆதார சுரங்களை நீண்ட நாதமாகத் தாளமின்றி ஒலிக்கவிட்டுக்கொண்டிருப்பது. நம்மவர் பழக்கத்தில் இது தம்புராவின் ஸ்தானத்தை வகிக்கிறது. கையாலோ கோலாலோ தட்டி வாசிக்கும் ரிதம் பேட் என்னும் வாத்தியம் இதனின் வேறானது; அதை ஒரு மனிதன் இருந்து வாசிக்கிறானாகையால், அது பின்னே கூறப்படும் ஆட்சேபங்களுக்கு உட்பட்டதன்று.

இந்நான்கையும் ஒரு வரிசையில் வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பேட் பாடுவோரை யாதொரு காலத்துக்கும் கட்டுவதில்லை. லூப் காலத்தைக் கட்டினாலும், பாட்டின் நீளத்தைப் பாடுவோரிடமே விட்டுவிடுகிறது. கிளிக் வாசிப்பவரைக் கட்டுகிறது. அவர் மூலமாகச் சபையையும் கட்டுகிறது. ட்ராக் என்பதோ காலத்தையும் நீளத்தையும் ஸ்கேலையும் ஒருங்கே நிர்ணயித்து, எத்தனை முறை பல்லவி பாடவேண்டும் என்பதைக்கூட ஆராதனைக்கு முன்னமே தீர்மானித்துவிடுகிறது. கட்டுப்பாட்டின் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனியாமல், இயந்திரம் நல்லது என்றோ கெட்டது என்றோ மொத்தமாகத் தீர்ப்பளிப்பது நியாயமாகாது.

பூர்வ சரித்திரம்

இயந்திரம் ஆலயத்துக்குள் புகுந்தது நேற்றைய செய்தி என்று எண்ணுவோர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இங்கிலாந்தின் கிராமத்து ஆலயங்களில் பரவியிருந்த உருளை ஆர்கன்களைப் பற்றி அறிந்துகொள்வது நலம். ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத கிராமங்களில், மர உருளையொன்றின் மேல் ஆணிகளை அறைந்து, அவ்வாணிகள் சுழலும்போது குழல்களைத் திறக்கும்படி செய்த கருவியை நிறுவினார்கள். ஓர் உருளையில் பத்துப் பன்னிரண்டு ஞானப்பாட்டு மெட்டுகள் அடங்கும். உருளையை மாற்றினால் வேறு மெட்டுகள் கிடைக்கும். கைப்பிடியைச் சுழற்றத் தெரிந்த எவரும் சபையின் பாட்டை நடத்திவிடலாம். சஃபோக் மாகாணத்து ஷெல்லண்ட் என்னும் சிற்றூரின் ஆலயத்தில் மூன்று உருளைகள் கொண்ட அத்தகைய ஆர்கன் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டுவருகிறது. ஆயினும் இதிற் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்றுண்டு: மெட்டு இயந்திரத்தினுடையதேயாயினும், வேகம் கைப்பிடியைச் சுழற்றிய மனிதனுடையது. சபை தயங்கினால் அவன் கை தயங்கும். சரணத்தின் முடிவில் மூச்சு வாங்கவேண்டுமாயின் அவன் நிறுத்திக்கொள்வான். இன்றைய ட்ராக்குக்கும் அக்காலத்து உருளைக்கும் உள்ள பெரும் பேதம் இதுவே.

அவ்வுருளை ஆர்கன்களும் அவற்றைத் தொடர்ந்து வந்த ஆர்மோனியங்களும், அதுவரையில் ஆலயத்து மேல்மாடத்தில் பிடிலும் குழலும் கொண்டு வாசித்துவந்த கிராமத்து வாத்தியக் குழுக்களை மெல்லமெல்ல வெளியேற்றின. தாமஸ் ஹார்டி 1872-இல் வெளியிட்ட ‘அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ’ என்னும் நாவல், அத்தகைய குழுவொன்று புதிய ஆர்கனுக்கு இடம்விட்டு விலக நேர்ந்த கதையையே பொருளாகக் கொண்டது. புதிய கருவி சபையின் இசையை ஒழுங்குபடுத்தியது உண்மை; வாரந்தோறும் வாசித்துப் பழகிய பாமர மக்களின் கைகள் சும்மா இருக்கலாயின என்பதும் உண்மை.

கிளிக்கின் வரலாறு வேறு. 1815-இல் மெல்சல் என்பவர் உரிமம் பெற்ற மெட்ரோனோம், இசையின் காலத்தை நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்று எண்ணிக்கையாற் குறிக்கும் வழக்கத்தை ஐரோப்பாவில் நிலைநாட்டிற்று; பீத்தோவன் 1817-இல் தம் சிம்பொனிகளுக்கு அவ்வெண்களை வெளியிட்டார். 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படங்களுக்கு இசையமைத்தவர்கள், சித்திரத்தின் அசைவும் இசையின் தட்டும் இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டிய நிர்ப்பந்தத்தால், படச்சுருளில் குறித்த இடைவெளிகளில் துளையிட்டு, அத்துளைகள் எழுப்பிய ஓசையைக் காதிற் கேட்டபடி வாத்தியக்காரர்களை வாசிக்கச் செய்தார்கள். ஆகவே கிளிக் பிறந்த இடம் சினிமா ஒலிப்பதிவுக் கூடம். ஓடிக்கொண்டிருக்கும் படத்தோடு வாசிப்பைப் பொருத்துவதே அது பிறந்த நோக்கம். 1983-இல் மிடி என்னும் பொது மின்மொழி ஏற்பட்டு, 1985-இல் ரோலண்ட் கம்பெனியின் ஆக்டோபேட் வெளிவந்து, 2001-இல் ஏபிள்டன் லைவ் என்னும் மென்பொருளும் வந்த பிறகு, ஒலிப்பதிவுக் கூடத்தின் சாதனம் மேடைக்கு இறங்கிற்று. மேடையிலிருந்து ஆலயத்துக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. இன்று மல்ட்டிட்ராக்ஸ், லூப் கம்யூனிட்டி முதலிய ஸ்தாபனங்கள் ஆராதனைப் பாடல்களின் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பிரித்து விற்பதும், கைப்பேசியிலோ ஐபேடிலோ அவற்றை ஓட்டுவதற்கான செயலிகளை அளிப்பதும் பிரசித்தம்.

தமிழ்நாட்டில் இதற்கு வழிவகுத்தது கீபோர்டின் ‘ஸ்டைல்’ பொத்தான். இந்தியத் தாளங்களை உள்ளடக்கிய யமஹா, கேசியோ கீபோர்டுகள் நடுத்தரக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் வந்தபோது, இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தாற் போதும், டோலக்கும் பேஸும் தாமாகவே ஒலிக்கும் என்னும் சௌகரியத்தைச் சிறு சபைகள் இருகை நீட்டி வரவேற்றன. அதை எவரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. ஸ்டைலும் ஒரு லூப்தான் என்பதை நினைவிற் கொண்டால், இன்று லூப்பைக் கண்டு திடுக்கிடுவோரின் அச்சம் பாதி தணியும்.

சார்பான நியாயங்கள்

இயந்திரத் துணையை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் இலேசாகத் தள்ளத்தக்கன அல்ல. முதலாவது, ஆள் பற்றாக்குறை. கூடுபவர் அறுபது பேராயின், அவர்களுள் தாளம் தவறாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அகப்படுவதே பாக்கியம். இரண்டாவது, இடத்தின் அளவு. கான்கிரீட் கூரையும் வெறுஞ்சுவரும் கொண்ட சிறிய கூடத்தில் டிரம்ஸ் செட் ஒன்றை வைத்து ஒருவன் முழு வலுவோடு வாசித்தால், பாட்டின் சொற்கள் ஒருவர் காதிலும் விழா. லூப்பின் ஒலியையோ வேண்டிய அளவுக்குக் குறைத்து வைக்கலாம். மூன்றாவது, பயிற்சி. அரைகுறையாகக் கற்ற இளைஞர்கள் உற்சாகம் மிகுந்து ஒவ்வொரு சரணத்துக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதும், மெதுவான பாட்டில் தளர்ந்து இழுப்பதும் எங்கும் காணும் குறை. கிளிக்கோடு வாசித்துப் பழகியவன் அக்குறையைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்கிறான். நான்காவது, புதிய பாட்டைக் கற்பித்தல். ட்ராக்கைப் பாடகர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், சனிக்கிழமை ஒத்திகைக்கு வருமுன்னரே அவர்கள் எடுப்பும் முடிப்பும் அறிந்து வருகிறார்கள்.

இயந்திரத்தை எதிர்ப்போர் பொதுவாகக் கூறும் ஓர் ஆட்சேபத்தையும் இவ்விடத்திலேயே பரிசீலித்துவிடலாம். மேடையில் வயலின் இல்லாதபோது வயலின் ஓசை கேட்பது பொய்யாகாதா என்கிறார்கள். பைப் ஆர்கனில் குழல் என்றும் வயோலா என்றும் டிரம்பெட் என்றும் பெயரிட்ட ஸ்டாப்புகள் நூற்றாண்டுகளாக இருந்துவருகின்றன. அவற்றை இழுத்து வாசித்த ஆர்கனிஸ்ட்டை எவரும் பொய்யன் என்றதில்லை. 1940 முதல் 1971 வரையில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. ஆயினும் அக்காலத்திலும் கிராமத்துச் சபைகளில் ஆர்மோனியமே கீர்த்தனைகளைத் தாங்கிநின்றது. கருவி புதிது, செயற்கையானது என்பது மாத்திரமே அதை விலக்கப் போதிய காரணமாகாது.

இயந்திரம் தவறும் இடங்கள்

ஆனால் வேறு ஆட்சேபங்கள் உள. அவை சபையின் பாட்டு எவ்விதம் நிகழ்கிறது என்னும் அடிப்படையிலிருந்து எழுவன. ஓசை ஒரு செகண்டில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். இருபது மீட்டர் நீளமுள்ள கூடத்தில், மேடையில் எழும் தட்டு கடைசி வரிசையை அடையச் சுமார் 60 மில்லிசெகண்ட் ஆகிறது. அங்குள்ளோர் அத்தட்டோடு பாடும் குரல் மேடைக்குத் திரும்ப மேலும் அத்துணை காலம் ஆகிறது. நிமிஷத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டின் நீளமே 500 மில்லிசெகண்டுதான். ஆகவே பின்வரிசையின் பாட்டு ஏறக்குறையக் கால் தட்டு பிந்தியே மேடைக்கு வந்துசேரும். காதைத் திறந்துவைத்துக்கொண்டு வாசிப்பவன் இதை அறிந்தோ அறியாமலோ சற்று இளகிக்கொடுத்துச் சபையைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். இரண்டு காதையும் இயர்போனால் அடைத்துக் கிளிக்குக்கு மட்டும் செவிசாய்ப்பவனுக்கு அந்த இளக்கம் சாத்தியமில்லை. அவன் வாசிப்பு குற்றமற்றதாயிருக்கும், சபை பின்தங்கியிருக்கும், இரண்டும் ஒன்றையொன்று அறியா.

இதனினும் பிரத்தியட்சமான சங்கடம் ட்ராக்கினால் நேர்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நினைத்துப் பார்க்கலாம். ட்ராக்கின்படி பல்லவி இரண்டு முறை, அதன்பின் இடையிசை. ஆராதனை நடத்துபவர் இரண்டாம் முறை பாடி முடிக்கும்போது, சபையார் கண்ணை மூடிக் கையை உயர்த்தி அதே அடியில் ஒன்றிநிற்பதைக் கண்டு மூன்றாம் முறையும் அதையே எடுக்கிறார். அவர் பல்லவியில் இருக்க, ஒலிபெருக்கியில் இடையிசை புறப்பட்டுவிடுகிறது. கீபோர்டு வாசிப்பவன் எதைப் பின்பற்றுவது என்றறியாமல் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு திகைக்கிறான். லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருப்பவன் ஒலியைக் குறைக்க ஓடுகிறான். நடத்துபவர் வேறுவழியின்றி இடையிசை முடியும்வரை இரண்டு வார்த்தை பேசிச் சமாளிக்கிறார். சபையும் இயந்திரமும் முரண்பட்டபோது சபையே வழிவிட வேண்டியதாயிற்று. இவ்விதமான நேரங்களில், பாட்டை நடத்துவது யார் என்ற கேள்விக்கு விடை கூற வெட்கப்படவேண்டியிருக்கிறது.

பாடகர் குழுவும் வாத்தியக்காரரும் சபைக்குச் செய்யும் தொண்டு, தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் செய்யும் தொண்டு போன்றது. வடம் பிடித்து இழுப்பது ஊரார். சக்கரத்தை நோக்கியிருந்து, திரும்பவேண்டிய முனையில் கட்டையைக் கொடுத்துத் திசையை ஒழுங்குசெய்வது அவர் கை. அவர் கண் சக்கரத்தைவிட்டு அகலுமானால் தேர் தெருவைவிட்டு விலகும்.

ஸ்கேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிப்பதிவில் பாடியவர் பயிற்சி பெற்ற குரலுடையவர். ட்ராக் அவருடைய ஸ்கேலில் அமைந்தது. பொதுமக்கள் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லையோ ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேற்பட்டது. உச்சத்துக்கு ஏறும் அநுபல்லவியில் பெண்கள் கீச்சுக் குரலுக்கும் ஆண்கள் மௌனத்துக்கும் தள்ளப்படுவது பல சபைகளில் வாராவாரம் நிகழ்கிறது. மென்பொருளால் ஸ்கேலை இறக்கலாம். ஆனால் அதிகம் இறக்கினால் ஓசையின் தன்மை கெடும். கீபோர்டின் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

இவையன்றி நடைமுறைத் தொல்லைகள் பல. ட்ராக் ஓடும் கைப்பேசிக்கு ஆராதனையின் நடுவே அழைப்பு வந்துவிடும், லேப்டாப் தூங்கிவிடும், மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் எடுக்குமுன் எல்லாம் மௌனமாகிவிடும். வசதி குறைந்த சபைகள் கைக்கொள்ளும் உபாயம் ஒன்றுண்டு: கிளிக்கை இடப்பக்கத்திலும் இசையை வலப்பக்கத்திலும் பதிந்து, கைப்பேசியிலிருந்து இரண்டாகப் பிரியும் கேபிள் ஒன்றினால், இடப்பக்கத்தை வாசிப்பவர் காதுக்கும் வலப்பக்கத்தை மிக்சருக்கும் அனுப்புவது. சில நூறு ரூபாயில் முடியும் நல்ல உபாயமே. ஆனால் அவசரத்தில் இரண்டு முனைகளும் மாறிச் செருகப்படுமாயின், ‘டிக் டிக்’ என்னும் ஓசை ஒலிபெருக்கியில் முழங்க, வாசிப்பவர் காதில் இன்னிசை பொழியும்.

நம் தாளமும் பெட்டியின் தாளமும்

தமிழ்ச் சபைகளுக்கே உரிய பிரச்சினை ஒன்றை இனி நோக்குவோம். தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியது தொடங்கி ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழில் வரலாயின. ஃபப்ரீஷியஸ் போன்றோர் அவற்றைப் பெருக்கினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864) அவர் வழிவந்தோரும் இயற்றிய கீர்த்தனைகள் மற்றொரு மரபாக வளர்ந்தன. ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் இசையாராய்ச்சியோடு கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் செய்தவர். இவ்விரு மரபுகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே சபையிற் பாடப்படுகின்றன என்பது நம் தனிச் செல்வம். இயந்திரம் இவ்விரண்டையும் ஒன்றுபோல நடத்தும் என்பதே நம் தனிச் சங்கடம்.

பாமாலைப் பாட்டில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் சபையார் நின்று மூச்சு வாங்குவர். அம்மூச்சின் நீளத்தை ஆலயத்தின் எதிரொலியும் கூட்டத்தின் வயதும் தீர்மானிக்கும். கிளிக்குக்கு மூச்சு என்பது தெரியாது. கீர்த்தனையிலோ தாளமே சிக்கல். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகத்தோடு தாளமும் குறித்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஆதி தாளத்துப் பாட்டு கீபோர்டின் நான்கு தட்டு ஸ்டைலில் ஒருவாறு அடங்கும். ரூபகமும் மூன்று தட்டில் சமாளிக்கும். மூன்றும் நான்குமாய் ஏழு எண்ணிக்கையில் நடக்கும் மிசிரசாபுக்கும், இரண்டும் மூன்றுமாய் ஐந்தில் நடக்கும் கண்டசாபுக்கும் பெரும்பாலான பெட்டிகளில் இடமில்லை. இதன் பயன், அப்பாட்டுகளை ஏழுக்கு எட்டாக நீட்டி உயிரைப் போக்கிப் பாடுவது. அல்லது பாடாமலே விட்டுவிடுவது. பின்னது முன்னதினும் அதிகம் நடப்பதாக அஞ்சுகிறோம்.

இங்ஙனம் கூறுவதால், திட்டமான காலம் நம் மரபுக்கு அந்நியம் என்று எவரும் கருதவேண்டா. காலப்பிரமாணம் தவறாமை கர்நாடக சங்கீத வித்துவானுக்கு இன்றியமையாத லட்சணம். ஆனால் அச்சங்கீதம் இயந்திரத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டைக் கவனிக்கவேண்டும். எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை அது கச்சேரி மேடைக்கே ஏற்றுக்கொண்டது. தாளம் காட்டும் பெட்டியையோ வீட்டில் சாதகம் செய்யும் அறையோடு நிறுத்திக்கொண்டது. சுருதி அசையாதிருப்பது குணம். ஆதலால் இயந்திரம் அதைக் காக்கலாம். தாளத்தைப் பாடுவோரும் வாசிப்போரும் ஒருவரையொருவர் கேட்டு நடத்தவேண்டும். ஆதலால் அது மனிதரிடம் இருக்கவேண்டும். தாளமேயின்றி விருத்தம் பாடும்போது தம்புரா ஒன்றே துணையாவது போல, தாளமற்ற ஜெபப் பாட்டில் பேட் ஒன்றே துணையாகலாம். நம்மவர் வேறொரு துறையில் நெடுங்கால அநுபவத்தாற் கண்ட இந்த விவேகம், சிறு சபைக்கு அப்படியே பொருந்தும் என்பது எம் அபிப்பிராயம்.

தலைவர்களின் தீர்ப்பும் தேசத்தின் சட்டமும்

கத்தோலிக்கத் திருச்சபை இவ்விஷயத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறது. பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், 1958 செப்டம்பர் 3-ஆம் தேதி, சடங்குகளுக்கான திருச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, தானியங்கி ஆர்கன், கிராமபோன், ரேடியோ, ஒலிப்பதிவுக் கருவி முதலியவற்றை வழிபாட்டில், பாடகர் பாட்டுக்கு ஆதரவாகக்கூடப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தது. அமெரிக்க ஆயர்கள் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, பதிவிசை சபையின் பாட்டுக்கும் வாத்தியக்காரருக்கும் பதிலியாகலாகாது என்னும் பொதுவிதியை நிலைநிறுத்தி, வெளியிடப் பவனி போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு விலக்களித்தது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இத்தகைய பொதுவிதி இல்லாமையால், தீர்மானம் அந்தந்தப் போதகரிடமும் பாடகர் குழுவிடமும் விடப்படுகிறது.

வழிபாட்டு முறைக்கேற்பப் பலாபலனும் மாறுகிறது. எழுதிவைத்த ஒழுங்கின்படி ஆராதனை நடத்தும் சபைகளில் பாட்டின் சரணங்கள் இத்தனை என்பது முன்னமே தெரியுமாகையால், ட்ராக் முரண்படும் வாய்ப்புக் குறைவு. அங்கே மூச்சின் சிக்கலே பெரிது. ஆவியானவரின் ஏவுதலுக்குக் காத்திருந்து ஒரே அடியைப் பத்து முறையும் பாடும் சபைகளில் ட்ராக் அடியோடு பொருந்தாது. லூப்பும் பேட்டும் பொருந்தும். ஆச்சரியம் என்னவெனில், ட்ராக்கை மிகுதியாக நாடுவோர் இப்பின்னவரே. தங்கள் வழிபாட்டின் சுதந்திரத்தைப் பற்றிப் பெருமை கொள்வோர் அதை ஒரு கைப்பேசிக்கு விட்டுக்கொடுப்பது ஆலோசிக்கத்தக்கது.

சட்டத்தைப் பொறுத்தமட்டில், 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மெய்யான மதச் சடங்கினிடையே இசைப்படைப்பையோ ஒலிப்பதிவையோ பயன்படுத்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே ஆலயத்துக்குள் ட்ராக்கை ஒலிக்கச் செய்வதில் அச்சமில்லை. ஆனால் அவ்விலக்கு, அதே ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்புவதற்கும் தானாகவே நீளும் என்று கொள்வதற்கில்லை. ட்ராக்கின் உரிமையாளர் அத்தளத்தில் உரிமை கோரினால் காணொளி தடைபடலாம். பணம் கொடுத்து வாங்கிய ட்ராக்கை நான்கு சபைகள் பகிர்ந்துகொள்வது வாங்கியபோது ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கு மாறானதாயிருக்கக்கூடும் என்பதையும், சத்தியத்தைப் பிரசங்கிக்கும் இடத்தில் நினைவூட்டவேண்டியதில்லை.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் தீர்ப்பு யாதெனின்: சிறு சபை எக்கருவியையும் ஏற்கலாம், ஆனால் சபையார் நின்றால் நிற்கவும், திரும்பினால் திரும்பவும் கூடிய கருவியையே ஆராதனை நேரத்தில் பயன்படுத்தவேண்டும். இந்த அளவுகோலால் அளந்தால், பேட்டைத் தாராளமாக ஏற்கலாம். லூப்பை, அதை நிறுத்தும் பொத்தான் வாசிப்பவனின் காலடியிலோ கையருகிலோ இருக்கும் வரையில் ஏற்கலாம். கிளிக்கைச் சனிக்கிழமை ஒத்திகையோடு நிறுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாட்டைத் தொடங்கும் வேகத்தை நினைவூட்ட நான்கு தட்டுக் கேட்டுவிட்டு அணைத்துவிடலாம். ட்ராக்கைப் புதுப்பாட்டு கற்பிக்கவும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பண்டிகை நிகழ்ச்சிக்கும், காணிக்கை நேரத்துத் தனிப்பாடலுக்கும் வைத்துக்கொண்டு, சபை முழுதும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு விலக்கிவிடுவதே முறை.

ஆள் இல்லையே என்னும் கேள்விக்கு இறுதி விடை ஆளை உண்டாக்குவதுதான். மெல்லிசைக் குழுக்களிலும் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பெயர்பெற்ற வாத்தியக்காரர் பலர் ஆலயப் பாடகர் குழுவில் விரல் பழகியவர்கள் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. அவர்கள் முதல் வருஷம் வாசித்ததும் தப்பும் தவறுமாகவே இருந்திருக்கும். அதைப் பொறுத்துக்கொண்ட சபைகள் இருந்தமையால் அவர்கள் உருவானார்கள். எல்லா இடத்தையும் ட்ராக் நிரப்பிவிட்டால், பன்னிரண்டு வயதுப் பையனோ பெண்ணோ வந்து நிற்க இடமிராது. ஆகவே போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் எம் விண்ணப்பம் இது: ட்ராக்குகளுக்கு வருஷச் சந்தா கட்டுமுன், அதே தொகையை உங்கள் சபைப் பிள்ளைகளுள் ஒருவர் தபேலாவோ கீபோர்டோ கற்பதற்குச் சம்பளமாகக் கொடுங்கள், அவர் கற்று முடிக்கும் வரையில், சபையார் கைதட்டிப் பாடட்டும்.